214 நாள் ஸ்பானிஷ் படித்தும் வாய் திறக்கவில்லையே!

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரிகிற விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 43. ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. கொலம்பியாவிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்து சேர்ந்ததிலிருந்து ஸ்பானிஷ் மேல் ஆசை. செல்போன் ஆப் ஒன்றில் தினமும் படிக்கிறார். 214 நாளில் ஒரு நாள்கூட விடவில்லை. நோட்டுப் புத்தகம் நிறைய வினைச்சொல் அட்டவணைகள். போன மாதம் ஒரு வீடியோ கால். மற்றவர்கள் வந்து சேர்வதற்கு முன் அந்த வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே இவரிடம், ‘கோமோ லே வா?’ என்றாராம். எப்படிப் போகிறது என்று கேட்கிறார் என்பது இவருக்கு உடனே புரிந்துவிட்டது. பதில்தான் வரவில்லை. நெட் சரியில்லாததுபோல் மைக்கை அணைத்துவிட்டு, மேலாளர் வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

அவருடைய கேள்விகள் இவை. இந்த வயதில் புது மொழி ஏறுமா? தமிழ் வழியில் படித்தவர் என்பதால், முதலில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு பிறகு ஸ்பானிஷுக்கு வர வேண்டுமா? கொஞ்ச நாள் சொல்லிக்கொடுத்த ஒரு ட்யூஷன் ஆசிரியர், ‘ஸ்பெயினில் பேசுவதுதான் சுத்தம், தென் அமெரிக்காவில் பேசுவது கொச்சை’ என்றாரே, அது உண்மையா? இதற்கு நடுவில் ஒரு பயிற்சி நிறுவனம், 3 மாதத்தில் சரளம், மொழிபெயர்ப்பாளர் வேலை உறுதி என்கிறது. முழுக் கட்டணத்தையும் இந்த வாரமே கட்டச் சொல்கிறது. வேலையை விட்டுவிட்டு அதில் சேரலாமா? கடைசியில் ஒரு பின்குறிப்பு: ஸ்பானிஷ் சொற்களை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறேன், தவறா?

அன்புத் தோழிக்கு,

மைக்கை அணைத்ததை வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் ஒரு கொலம்பியாக்காரர் தன் வேகத்தில் கேட்ட கேள்வி உங்களுக்குப் புரிந்திருக்கிறது. அந்த 214 நாள் வீண் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்த ஆப் உங்களுக்குப் பழக்கியது என்ன என்று யோசித்துப் பாருங்கள். நாலு விடை காட்டும், ஒன்றைத் தொட வேண்டும். சொற்களைக் கலைத்துப் போடும், அடுக்க வேண்டும். ஸ்பானிஷைப் பார்த்தால் அடையாளம் காணும் பயிற்சி அது. முன்னால் எதுவும் இல்லாதபோது, ஒன்றிரண்டு விநாடிக்குள், சொந்தமாக ஒரு வாக்கியத்தை வாயில் கொண்டுவருவது முற்றிலும் வேறு வேலை. அதை நீங்கள் ஒரு நாள்கூடச் செய்து பார்க்கவில்லை. செய்யாத வேலை வரவில்லை, அவ்வளவுதான். இதில் வயதுக்கும் அறிவுக்கும் பங்கு இல்லை.

வயதைப் பற்றி இரண்டு வரி போதும். சின்ன வயதில் கற்பவர்களுக்கு உச்சரிப்பு அந்த ஊர்க்காரர்கள்போலவே அமைந்துவிடும். 43-இல் தொடங்கினால் பேச்சில் கொஞ்சம் தமிழ் வாடை இருக்கத்தான் செய்யும். இருந்துவிட்டுப் போகட்டும். இலக்கணத்தைப் புரிந்துகொள்வதிலும், தனக்கு எது தேவை என்று பொறுக்கிப் படிப்பதிலும், தொடக்கத்தில் பெரியவர்கள்தான் வேகம். என் வகுப்பிலும் அதைத்தான் பார்க்கிறேன்.

ஆங்கிலத்தை முதலில் சரிசெய்ய வேண்டுமா?

வேண்டாம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் தடுமாறுகிற பல இடங்களில் ஆங்கிலம்தான் குறுக்கே நிற்கிறது. அந்த ‘கோமோ லே வா?’வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘லே’ என்றால் ‘உங்களுக்கு’. அதாவது அவர் கேட்டது, ‘உங்களுக்கு எப்படிப் போகிறது?’. நம் வீட்டில் கேட்பதுபோலவே இல்லையா? பதில்: ‘பியென், கிராசியாஸ். ஈ ஆ உஸ்தேத்?’. நல்லா போகுது, நன்றி, உங்களுக்கு? அந்த ‘உங்களுக்கு’வில் உள்ள ‘கு’ உருபின் வேலையைத்தான் ‘உஸ்தேத்’துக்கு முன்னால் நிற்கும் ‘ஆ’ செய்கிறது.

இந்த நான்காம் வேற்றுமை ஸ்பானிஷில் நம்மைத் தேடித் தேடி வரும். ‘மே குஸ்தா லா மூசிகா’ என்பதை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் பாதி வருடம் குழம்புவார்கள். அவர்களுக்கு ‘நான்’தான் எழுவாயாக இருந்தாக வேண்டும். நமக்கு அது ‘எனக்கு இசை பிடிக்கும்’. ‘மே’ என்றால் எனக்கு. பிடிப்பது இசை. முடிந்தது. பிடிப்பவை பலவாக இருந்தால் மட்டும் ‘குஸ்தா’ ‘குஸ்தான்’ ஆகும். தமிழில் அந்த மாற்றம் இல்லை என்பதால் அதை நினைவில் வையுங்கள். ‘மே துவேலே லா கபேசா’ என்பது ‘எனக்குத் தலை வலிக்கிறது’. ‘மே பாரேசே’ என்பது ‘எனக்குத் தோன்றுகிறது’. எனக்கு மிகவும் பிடித்தது ‘சே மே ஒல்விதோ’. நான் மறந்தேன் என்று பழியைத் தலையில் போட்டுக்கொள்ளாமல், ‘எனக்கு மறந்துபோச்சு’ என்று நழுவுகிறோமே, அதே நழுவல்.

வினைச்சொல்லின் வாலைப் பாருங்கள். அப்லோ, அப்லாஸ், அப்லா, அப்லாமோஸ், அப்லான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம், பேசுகிறார்கள். வாலைப் பார்த்தே ஆள் யார் என்று தெரிவதால் ‘நான்’, ‘நாங்கள்’ எல்லாம் இல்லாமலே வாக்கியம் நிற்கும், தமிழில் நிற்பதுபோல. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யோ, யோ’ என்று தொடங்குவார்கள். கேட்பவருக்கு அது ‘நானாக்கும், நானாக்கும்’ என்று மார்தட்டுவதுபோல இருக்கும்.

இன்னொன்று. ‘பேசப் போகிறேன்’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘போய் ஆ அப்லார்’. ‘போய்’ என்றால் ‘போகிறேன்’. அதன் முதல் எழுத்தான v-ஐ b போலவே ஒலிப்பதால் நம் காதில் ‘போய்’ என்றே விழும். இந்த ஒலி ஒற்றுமை வெறும் தற்செயல். ஆனால் அமைப்பு அச்சு அசல் நம்முடையது. இதை வைத்தே முதல் ஒரு வருடம் எதிர்காலம் முழுவதையும் ஓட்டிவிடலாம்.

‘இருக்கிறது’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘செர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள் இருப்பது பயமுறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் படிக்கு ஒரு குறுக்குவழி: ‘அவர் மருத்துவர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் நிற்கிற வாக்கியத்துக்கு ‘செர்’. ‘அவர் வீட்டில் இருக்கிறார்’, ‘களைப்பாக இருக்கிறார்’ என்று ‘இரு’ வந்தால் ‘எஸ்தார்’. இது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘உயரமாக இருக்கிறார்’ என்பதற்கு ‘செர்’தான், அது மாறாத குணம் என்பதால். கூட்டம் எங்கே நடக்கிறது என்று சொல்லவும் ‘செர்’. ஆனாலும் தொடக்கத்தில் முக்கால்வாசித் தூரம் இது கொண்டுபோய்விடும்.

ஒலியிலும் இதே கதைதான். ‘தெங்கோ’ என்றால் என்னிடம் இருக்கிறது. அதில் வருவது பல்லைத் தொடுகிற ‘த’. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பழகியவர்கள் ‘டெங்கோ’ என்பார்கள். நாளை என்பதற்கு ‘மஞானா’. அந்த ‘ஞா’வுக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்தே இல்லை, நமக்கு அரிச்சுவடியிலேயே இருக்கிறது.

சரி, ஆங்கிலம் உதவவே உதவாதா? சொற்களுக்கு உதவும். ‘இன்ஃபொர்மாசியோன்’, ‘சித்துவாசியோன்’ என்று ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்தில் கேட்டவையாகவே இருக்கும். அதற்கு உங்களிடம் இப்போது இருக்கிற ஆங்கிலமே தாராளம். கண்ணை மூடிக்கொண்டு நம்ப மட்டும் கூடாது. கூட்டத்தில் ஏதோ உளறிவிட்டுச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்வதற்காக, ஆங்கிலத்தில் ‘எம்பாரஸ்’ இருக்கிறதே என்று ‘எஸ்தோய் எம்பராசாதா’ என்றீர்களானால், கர்ப்பமாக இருக்கிறேன் என்று அர்த்தம். என் மாணவிகளில் வருடத்துக்கு ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார்.

தமிழ் கைவிடுகிற இடங்களும் உண்டு. மேசைக்குப் பெண்பால், புத்தகத்துக்கு ஆண்பால் என்பதெல்லாம் நமக்கு வேடிக்கைதான். காரணம் தேடாமல் ‘லா மேசா’, ‘எல் லீப்ரோ’ என்று முன்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். வேற்றுமை உருபு நமக்குப் பின்னால் வரும், அங்கே முன்னால். வினையும் கடைசிவரை காத்திருக்காது. இவை பழகப் பழகத்தான் வரும்.

எந்த ஊர் ஸ்பானிஷ்?

உங்கள் ஆசிரியர் சொன்னதை மரியாதையோடு மறுக்கிறேன். ஸ்பானிஷ் 20 நாடுகளில் அரசு மொழி. ஸ்பெயினின் மக்கள்தொகை சுமார் 5 கோடி; மெக்சிகோவில் மட்டும் 12 கோடிக்கும் மேல். 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பெயினின் மொழி அகாதெமியே இன்று தனியாக விதி வகுப்பதில்லை. 2010-இல் வந்த எழுத்துமுறை நூலை எல்லா நாட்டு அகாதெமிகளும் சேர்ந்துதான் வெளியிட்டன. எழுத்துகள் 27 என்பது அதில்தான் உறுதியானது. பழைய புத்தகத்தில் 29 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

வித்தியாசங்கள் இல்லாமல் இல்லை. நன்றி சொல்ல, ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லிடையே வைத்துக் ‘கிராத்தியாஸ்’ என்பார்கள். லத்தீன் அமெரிக்கா முழுக்கக் ‘கிராசியாஸ்’. கனாரித் தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை, அங்கேயும் ‘கிராசியாஸ்’தான். ஸ்பெயினில் கார் ‘கோச்சே’, கொலம்பியாவில் ‘காரோ’. நெருங்கியவர்கள் பலரை ஒன்றாக அழைக்க ஸ்பெயினில் ‘வோசோத்ரோஸ்’ என்று தனிச் சொல். லத்தீன் அமெரிக்காவில் யாரானாலும் ‘உஸ்தேதெஸ்’. ஒரு வடிவம் குறைகிறது, உங்களுக்கு லாபம்.

உங்கள் வாடிக்கையாளர் கொலம்பியாக்காரர். கொலம்பிய ஸ்பானிஷ் படியுங்கள். அங்கே பல பகுதிகளில் நண்பர்களிடமும் வீட்டாரிடமும்கூட ‘நீங்கள்’ என்று பொருள்படும் ‘உஸ்தேத்’ சகஜம். ஆகவே, யாரிடம் ‘நீ’ போடலாம் என்ற கவலையே வேண்டாம். ‘உஸ்தேத்’தோடு நின்றுகொள்ளுங்கள், யாருக்கும் மனம் கோணாது.

3 மாதத்தில் சரளம், வேலை உறுதி

இங்கே கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன். நீங்கள் கணக்கு பார்ப்பவர், நீங்களே போட்டுப் பாருங்கள். தினமும் 1 மணி நேரம், ஒரு நாள் விடாமல், 3 மாதம் என்றால் 90 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்கு மொழிகள் கற்பிக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு எளிதான மொழிகளின் வரிசையில்தான் ஸ்பானிஷை வைத்திருக்கிறார்கள். அப்படியும், அலுவல் அளவுக்குப் பேச 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அதுவும் முழுநேரப் படிப்பாக. மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகளாக அளப்பார்கள். 90 மணி நேரத்தில் அடிப்படை நிலையான ஏ1-ஐ நன்றாகத் தொடலாம், அதற்கு மேலும் கொஞ்சம் போகலாம். மொழிபெயர்ப்பு வேலைக்கு நான் சி1-க்குக் குறைவாக யாரையும் அனுப்ப மாட்டேன்.

அவர்கள் தரும் சான்றிதழ், வகுப்புக்கு வந்தார் என்பதற்கான சான்று. உலகம் முழுக்கச் செல்லுபடியாவது ‘டெலே’ தேர்வு. ஸ்பெயின் அரசு 1991-இல் தொடங்கிய செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்துவது. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு, வாங்கிய சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கணினியில் எழுதும் ‘சியெலே’ என்ற தேர்வும் உண்டு. அதன் முடிவு 5 வருடம் செல்லும். எந்த வகுப்பில் படித்திருந்தாலும், வகுப்பே போகாமலிருந்தாலும், இவற்றை எழுதலாம். ஆக, சான்றிதழுக்காக அந்த நிறுவனத்தில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த நிறுவனம் மோசடி என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: மொத்தம் எத்தனை மணி நேரம், முடிவில் எந்த நிலை, ஒரு வகுப்பில் எத்தனை பேர், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும், ‘வேலை உறுதி’ என்றால் எந்த வேலை, கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள். மாதிரி வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து, மாணவர்கள் எத்தனை நிமிடம் வாய் திறந்தார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். நுகர்வோர் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எங்கேயானாலும் உங்கள் கையில் இருக்கிற தாள்தான் பேசும், போனில் சொன்னது பேசாது. தவணையில் கட்டலாமா என்று கேளுங்கள். இந்த வாரமே முழுத்தொகை என்று நெருக்குகிறவரிடம் நானாக இருந்தால் கட்ட மாட்டேன்.

வேலையை விட வேண்டாம். ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஏற்றுமதிக் கணக்கு தெரிந்து, அதோடு பி1 அளவு ஸ்பானிஷும் பேசுகிறவர் உங்கள் அலுவலகத்தில் இன்னொருவர் இருக்கிறாரா? ‘ஃபக்தூரா’ என்றால் விலைப்பட்டியல், ‘சால்தோ’ என்றால் மீதி, ‘வென்சிமியெந்தோ’ என்றால் கெடு நாள். இப்படி ஐம்பது சொற்கள் உங்கள் மேசைமேலேயே கிடக்கின்றன. கொலம்பியாவில் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள்: 1.250,00 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. மெக்சிகோவில் இது தலைகீழ். ‘உன் பில்லோன்’ என்று அவர்கள் எழுதினால் அது லட்சம் கோடி. நூறு கோடியைத்தான் ஆங்கிலத்தில் பில்லியன் என்கிறோம், அது ஸ்பானிஷில் ‘மில் மில்லோனெஸ்’. இந்த வித்தியாசம் தெரிந்த கணக்காளருக்கு எந்த நிறுவனமும் மதிப்புக் கொடுக்கும்.

இனி என்ன செய்வது?

அட்டவணை நோட்டை மூடி வையுங்கள். ஆப்பை விட வேண்டாம், 10 நிமிடத்தோடு நிறுத்துங்கள். மிச்ச நேரம் வாய்க்கு.

முதல் வாரம் ஐந்தே வாக்கியங்கள். ‘புவேனோஸ் தீயாஸ், கோமோ எஸ்தா?’ வணக்கம், எப்படி இருக்கிறீர்கள். ‘மே எஸ்குச்சா?’ நான் பேசுவது கேட்கிறதா. ‘உன் மொமெந்தோ, போர் ஃபவோர்.’ ஒரு நிமிடம். ‘புவேதே ரெபெதிர் மாஸ் தெஸ்பாசியோ?’ கொஞ்சம் மெதுவாகத் திரும்பச் சொல்கிறீர்களா. ‘தொதவீயா எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ.’ இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். இவற்றைச் செல்போனில் உங்கள் குரலிலேயே பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. நாலாம் நாள் ‘ரெபெதிர்’ எங்கே தடுக்குகிறது என்று காது கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடித்து உருட்டுங்கள். ‘இன்று பணம் கட்டுகிறேன்’ என்பதிலிருந்து தொடங்கி, கட்டப் போகிறேன், கட்டவில்லை, கட்டுகிறீர்களா, கட்டுகிறோம் என்று அதே வினையை எட்டுப் பத்து வடிவத்தில் சத்தமாகச் சொல்வது. அட்டவணையில் இருப்பவையும் இவைதான். ஆனால் இப்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், ஒரு வேலை இருக்கும். இறந்தகாலத்தை மூன்றாம் மாதம் தொடுங்கள். ‘போனேன்’ என்பதற்கு ஒன்றும், சின்ன வயதில் ‘போவேன்’ என்று சொல்கிறோமே, அந்த வழக்கத்துக்கு இன்னொன்றும் இருக்கும்; உங்களுக்குப் பெரிய சிரமம் இராது. அதற்கு மேல் உள்ளதை இப்போது திரும்பியும் பார்க்காதீர்கள்.

அப்புறம், வாரம் ஒருமுறையாவது உயிருள்ள ஒரு மனிதரிடம் அரை மணி நேரம் பேச வேண்டும். பெரிய வகுப்பைவிட, ஆன்லைனில் தனியாகப் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு கொலம்பிய ஆசிரியர் உங்களுக்குப் பொருந்துவார். செலவு கூடுதல் என்றால் மூன்று பேர் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் மாதக் கட்டணமாகக் கட்டுங்கள்.

அடுத்த வீடியோ காலுக்கு 5 நிமிடம் முன்னதாகவே சேர்ந்துவிடுங்கள். அவர் வந்ததும் நீங்கள் முந்திக்கொண்டு ‘கோமோ லே வா?’ என்று கேளுங்கள். கேள்வி கேட்பது பதில் சொல்வதைவிடச் சுலபம்.

பின்குறிப்புக்கு வருகிறேன். இந்தப் பதிலில் ஸ்பானிஷை நான் தமிழ் எழுத்தில் தந்திருப்பது படிக்கும் வசதிக்காக. உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். ஸ்பானிஷில் எழுதியதை எழுதியபடியே படிக்கலாம். ஓர் எழுத்துக்கு அநேகமாக ஒரே ஒலிதான், ஒரு வாரத்தில் பழகிவிடும். தமிழ் எழுத்தோ வல்லின ஒலியையும் அதன் மென்மையான இணையையும் பிரித்துக் காட்டாது. கொலம்பியாவின் பணம் பெசோ. அதை நோட்டில் ‘பேசோ’ என்று எழுதிவைப்பீர்கள். முத்தம் என்ற சொல்லையும் ‘பேசோ’ என்றுதான் எழுத முடியும். பணத்தில் முதல் எழுத்து p, முத்தத்தில் b; தமிழில் இரண்டுக்கும் ‘ப’தான். அந்த நோட்டைப் பார்த்து, இன்னும் ஆயிரம் பெசோ பாக்கி இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் ஒரு நாள் சொல்லப் போகிறீர்கள். அவர் எதை அனுப்புவார் என்று எனக்குத் தெரியாது.